பக்கத்து வீட்டில் பூஜ்யம்

பத்து நாற்பதுக்கு அவள் "புரிஞ்சுதும்மா" என்று சொன்னாள். இப்போது மணி இரண்டரை. காதில் தண்ணீர் புகுந்தால் தலையைச் சாய்த்துத் தட்டத் தட்ட உள்ளேயே நின்று குடையுமே, அப்படிக் குடைந்துகொண்டிருக்கிறது அந்த வார்த்தை. சாதாரண வார்த்தைதான். எந்த அம்மாவும் கேட்டால் குளிர்ந்துபோகிற வார்த்தை. நானும் ஒரு விநாடி குளிர்ந்துபோனேன், அப்பாடா, வகுத்தல் முடிந்தது, அடுத்த பாடம் என்று பக்கத்தைத் திருப்பினேன், திருப்பின கை பாதியில் நின்றுவிட்டது. அவள் சொன்ன விதம் எனக்குத் தெரியும். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், முதல் பாதியை விழுங்கிவிட்டுக் கடைசியை மட்டும் இழுத்துச் சொன்னாள். அது பள்ளிக்கூடத்துக் குரல். ஒரு வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்று ராகம் போடுமே, அதிலிருந்து ஒரே ஒரு குரல் தனியாகக் கழன்று என் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. ஒன்றேகால் வருஷமாக இந்தப் பிள்ளை என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "புரியல" என்பாள், "மறுபடி சொல்லு" என்பாள், "நீ சொல்றது தப்பும்மா" என்றுகூடச் சொல்வாள். வாய் நீளம் என்று அவள் அப்பா சொல்வார், நீளட்டும் என்பேன் நான். அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மரியாதையாகப் "புரிஞ்சுதும்மா" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. முறத்தில் முருங்கைக்கீரை கிடக்கிறது, நான் ஆய்ந்துகொண்டிருக்கிறேன், உள் அறையில் பிரகதி கணக்குப் போடுகிறாள், பென்சில் சத்தம் நிற்காமல் கேட்கிறது. யோசிக்கிற பிள்ளையின் பென்சில் இப்படி நிற்காமல் ஓடாதே என்று மனசு ஒரு பக்கம் சொல்கிறது. சும்மா இரு, ஓடுகிற மட்டும் ஓடட்டும், நாலு மணிக்குள் இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது என்று அதே மனசு இன்னொரு பக்கம் அதட்டுகிறது.

நாலு மணிக்குத் தேன்மொழி அண்ணி வருகிறார். என் வீட்டுக்காரரின் அக்கா. துறையூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை, முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம், இவர் உட்பட. இவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கிறார், ரயில் பெட்டியைக் கழற்றி மாட்டுகிற ஆள், அக்கா முன்னால் மட்டும் இன்னும் வீட்டுப்பாடம் எழுதாத பையன். சாப்பிட்டதும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார், பஸ் மூன்றேமுக்காலுக்குத்தான் வரும், ஆனால் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். "அக்கா வந்து நாலு கேள்வி கேக்கட்டும் வசு. ஒழுங்கா பதில் சொன்னான்னா வீட்லயே படிக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா திங்கட்கிழமை பழைய ஸ்கூல்லயே சேத்துடலாம். பேசிட்டேன். எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க." எந்த வகுப்பில் என்று கேட்டேன். "நாலாவதுலதான். ஒரு வருஷம் போனா போகுது" என்று ரசத்தைப் பிசைந்தார். போனா போகுதாம். அவள் வயசுப் பிள்ளைகள் ஐந்தாவதில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் நாலாவதில், அதே வராந்தாவில், அதே மூன்றாம் வகுப்பு மிஸ்ஸைத் தாண்டித் தினமும் நடக்க வேண்டும். நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "கேக்கட்டும்" என்றேன். ஒரே வார்த்தை. திமிர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் எனக்குத் திமிர்காரி என்றுதான் பெயர், அக்காவுக்குத் தேன்மொழி, இவருக்குச் செழியன் என்று தமிழாகப் பெயர் வைத்த வீட்டில் பெண்ணுக்குப் பிரகதி என்று பெயர் வைத்தபோதே அது உறுதியாகிவிட்டது. ஆனால் அன்றைக்குச் சொன்ன "கேக்கட்டும்" வெறும் திமிர், உள்ளே சரக்கு இல்லாத திமிர். ஏனென்றால் நாங்கள் பின்தங்கித்தான் இருக்கிறோம். மூன்று மாசம். அது எனக்கும் தெரியும், பிரகதிக்கும் தெரியும், சுவரில் நானே ஒட்டின அட்டவணைக்கும் தெரியும்.

அந்த மிஸ் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்றாம் வகுப்பு முடிகிற சமயம், பெற்றோர் கூட்டம், ஃபேன் ஓடாத அறை, மிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ரிப்போர்ட்ல ஒண்ணும் குறையில்ல மேடம், கணக்குல ஏ கிரேடுதான். ஆனா ரொம்ப ஸ்லோ. எனக்குப் போர்ஷன் முடிக்கணும். ஒரு பிள்ளைக்காக நின்னுட்டு இருக்க முடியாதுல்ல." பிரகதி என் பக்கத்தில் நின்று என் புடவை முந்தானையின் குஞ்சத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். புரியலேன்னு சொல்றாளா என்று கேட்டேன். "சொல்லவே மாட்டா மேடம். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரையும் போல புரிஞ்சுதுன்னுதான் சொல்றா." பஸ்ஸில் வரும்போது ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் மட்டும் சொல்லலேன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கம்மா" என்றாள். எட்டு வயசு. எனக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் என்று தெரியாமல் கொதித்தது, மிஸ் மேலா, அந்தப் பிள்ளைகள் மேலா, ஏ கிரேடு போட்ட அட்டையின் மேலா, அதை வாங்கிச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட என் மேலா. மரக்கடை நிறுத்தம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இவர் சரி என்று சொல்ல இரண்டு மாசம் ஆனது. அண்ணி சரி என்று சொல்லவே இல்லை. அவர் வீட்டு விசேஷத்தில் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "வீட்ல எப்படி வசுமதி போர்ஷன் முடிப்பே?" என்று கேட்டார். இலையில் பாயசம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்ல போர்ஷன் முடியாது அண்ணி, போர்ஷன் நிக்கும். அவ எங்க நிக்கிறாளோ அங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. இன்றைக்குக் காலையில் பத்து முப்பத்தெட்டுக்கு நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைத்தால் அந்தப் பாயசம் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது.

போர்ஷன். இந்த ஊரில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷனை எப்படி வேண்டுமானாலும் ஆட்டிவைக்கலாம். மே மாசக் கடைசியில் தென்னூர் வீட்டுக்கார அம்மா மாடி ஏறி வந்து, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், போர்ஷன் வேணும்" என்றார். பத்து வருஷம் இருந்த மாடி போர்ஷன். பிரகதி கையில் சமூக அறிவியலை வைத்துக்கொண்டு, "இவங்களும் போர்ஷன் முடிக்கணுமாம்மா?" என்று கேட்டாள், சிரித்தோம், அதுதான் கடைசிச் சிரிப்பு. ஜூன், ஜூலை இரண்டு மாசமும் வீடு தேடினோம். இருபத்து மூன்று வீடு. வெயிலில் அவளையும் கூட்டிக்கொண்டு சந்து சந்தாக. தண்ணீர் வருமா, பைக் நிறுத்தலாமா என்று நான் கேட்பேன், அவர்கள் என்னைக் கேட்பார்கள், பொண்ணு எந்த ஸ்கூல். வீட்ல படிக்கிறா. உடனே குரல் இறங்கும், "ஏன், உடம்புக்கு எதுவுமா?" ஒரு அம்மா பிரகதியின் கண்ணுக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். பிரகதி என்னைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவுக்கு முன்னால் மூன்று விரலை நீட்டி நீங்க சொல்லுங்க என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நல்ல வீடு, இரண்டு பக்கமும் காற்று வரும், போகட்டும். ஒருவழியாக உறையூரில் இந்தக் கீழ் போர்ஷன் கிடைத்தது. சாமான் கட்டும்போது செய்த காரியத்தை யாரிடமும் சொல்ல முடியாது. எல்லா அட்டைப்பெட்டியிலும் மார்க்கர் பேனாவால் எழுத நேரமில்லாமல் முதல் எழுத்தை மட்டும் போட்டேன். து என்றால் துணி. ம என்றால் மளிகை. பா என்றால் பாத்திரம். பா என்றால் பாடப் புத்தகமும்தான், அது எழுதும்போது தோன்றவில்லை. ஏழு பெட்டியில் பா. வண்டிக்காரர்கள் ஏழையும் பாத்திரம் என்று பரணில் ஏற்றிவிட்டுப் போனார்கள், அன்றாடம் புழங்குகிற பாத்திரம் கூடையில் வந்ததால் நானும் மேலே பார்க்கவில்லை. புத்தகம் எங்கே, புத்தகம் எங்கே என்று ஒரு மாசம் வீடெல்லாம் தேடினேன், வண்டியிலேயே தொலைந்துவிட்டது என்று அழுதேன், ஆகஸ்ட் கடைசியில் இட்லிப் பானையைத் தேடி இவர் பரணில் ஏறினால் மேலேயிருந்து சத்தம் வருகிறது, "வசு, இந்தப் பாத்திரம் பூரா கணக்குப் புஸ்தகம்." அதுவரை பிரகதி சும்மா இருந்தாளா என்று கேட்டால் இல்லை. பார்த்த வீட்டையெல்லாம் காலடியால் அளந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறாள், எந்த வீட்டில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று திசை வைத்துச் சொல்வாள். அதுவும் படிப்புதான் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன், இன்னமும் சொல்வேன், எவர் வந்து கேட்டாலும் சொல்வேன். ஆனால் அண்ணி கேட்கப்போவது ஜன்னலைப் பற்றி இல்லை.

புத்தகம் கிடைத்ததும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. வேறென்ன சொல்வது. மூன்று மாசத்தை மூன்று வாரத்தில் பிடிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டேன், காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், பச்சை ஸ்கெட்ச்சில் பாடம், சிவப்பில் தேதி. காலை ஏழரைக்குத் தமிழ், எட்டரைக்குக் கணக்கு, குளியலுக்குப் பத்து நிமிஷம். முதல் வாரம் அவள் ஒத்துழைத்தாள். "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் வரவேயில்லை என்பது மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது, அதற்குப் பிறகு அவள் ஏன் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கேள்வி கேட்காத பிள்ளை எவ்வளவு வேகமாகப் படிக்கிறது! ஒரே நாளில் இரண்டு பாடத்துக்குச் சிவப்பு டிக் போட்டேன். இன்றைக்குக் காலையில் வகுத்தலில் ஒரு இடத்தில் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணியைப் பார்த்தேன், பத்து முப்பத்தெட்டு. "பிரகதி, ஒரு கணக்குக்காக நின்னுட்டு இருக்க முடியாது, போர்ஷன் நிறைய இருக்கு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். மிஸ்ஸாவது வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், எனக்கு வேர்க்கக்கூட இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து அவள் புரிந்துவிட்டது என்றாள். புரிந்துவிட்டது, வேறு என்ன புரிய வேண்டும், இங்கேயும் அப்படித்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கீரைக் காம்பு விரலில் குத்துகிறது. இலையில் பாதி காம்போடு விழுகிறது, அண்ணிக்கு முருங்கைக்கீரை அடை பிடிக்கும், காம்பு இருந்தால் எடுத்து இலையோரம் வரிசையாக வைப்பார். வைக்கட்டும். முறத்தை மேஜையில் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தேன். மணி மூன்றே கால்.

கதவில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு கணக்கு. பன்னிரண்டும் போட்டு முடித்து அழகாகக் கட்டம் கட்டி வைத்திருக்கிறாள். நோட்டை எடுத்தேன், விடை எல்லாம் சரி, ஒன்றுகூடத் தப்பில்லை, ஆஹா என்று தோன்றும்போதே நடுவில் இருக்கிற கழித்தலைப் பார்த்தேன், அது எல்லாம் தப்பு. தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டில் எப்படி இறங்க முடியும்? புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். விடைகள் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில், பன்னிரண்டு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சில் புள்ளி, ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் வைத்த புள்ளி. காப்பி அடிப்பதில்கூட ஒழுங்கு. எனக்குக் கை ஓங்கியது. நிஜத்தில் ஓங்கவில்லை, உள்ளே ஓங்கிவிட்டது. பொய்க்காரி, இதற்காகவா நான் ஊரோடு சண்டை போட்டேன், இதை அங்கேயே இருந்து செய்திருக்கலாமே என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "அத்தை வர்றதுக்குள்ள முடிச்சிடணும்ல? நான் முடிக்கலேன்னா உன்னத்தான திட்டுவாங்க" என்றாள். ஓங்கின கை எங்கே போனது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காகக் காப்பி அடித்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வயசுப் பிள்ளை தன் அம்மாவைப் பாஸ் பண்ண வைக்கப் பார்த்திருக்கிறாள். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது, இந்தத் தடவை யார் மேல் என்று தெளிவாகத் தெரிந்தது.

"எங்கருந்து புரியல?" என்று கேட்டேன். அவள் பென்சிலைக் கடித்தாள். "காலைல நான் சொன்னது தப்பு பிரகதி. நிக்கலாம். எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம்." என் முகத்தைப் பார்த்தாள், நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை, நம்பாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. அப்புறம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடினாள். அலமாரியிலிருந்து நாலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாள், இரண்டு பக்கம் புரட்டினாள், அதையும் மூடினாள். கடைசியாக அடித்தட்டில் கையை விட்டு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை உருவி, கழித்தல் என்று போட்ட பக்கத்தைச் சரியாகத் திறந்து என் மடியில் வைத்தாள். "இங்கருந்து." ஐந்நூற்று மூன்றிலிருந்து இருநூற்று எழுபத்தெட்டு. மூன்றாம் வகுப்பு. இரண்டு வருஷத்துக்கும் மேலே. ஏ கிரேடு. என்னோடு இருந்த ஒன்றேகால் வருஷமும் இதிலேயே சேர்த்தி, ஏனென்றால் கழித்தல் அவளுக்குத் தெரியும் என்று நான் அட்டையைப் பார்த்து நம்பினேன், அவளைக் கேட்கவில்லை, அவளும் விரல் விட்டு எண்ணிச் சமாளித்திருக்கிறாள். மூன்று மாசம் பின்தங்கியிருக்கிறோம் என்று பதறினேனே, எவ்வளவு பெரிய முட்டாள். "எது புரியல சொல்லு." அவள் விரலை வைத்துச் சொன்னாள். "மூணுலருந்து எட்டு போகாது. அதனால பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்னு மிஸ் சொன்னாங்க. பக்கத்து வீட்ல பூஜ்யம். அவங்ககிட்டயே ஒண்ணும் இல்ல. அவங்க அடுத்த வீட்ல வாங்கி நமக்குத் தருவாங்களாம். சரி. வாங்கியாச்சு. எப்பம்மா திருப்பிக் குடுக்கறது? கணக்கு முடியிற வரைக்கும் குடுக்கவே இல்லையே."

எனக்கும் அதே பக்கத்து வீடுதான், அதே கடன்தான், பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையைத் தட்டிச் சொன்னார், நாங்கள் ஐம்பது பேர் தலையாட்டினோம். எண்ணை அடித்து மேலே சின்னதாக எழுதத் தெரியும். பி.காம் வரைக்கும் அப்படியே அடித்து எழுதித் தேறிவிட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு நாளாவது நினைத்தேனா? நினைத்திருப்பேன், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று விழுங்கியிருப்பேன். "தெரியல பிரகதி" என்றேன். கண் விரிந்தது. "உனக்குமா?" "எனக்கும்தான். போடத் தெரியும், ஏன்னு தெரியாது." அவள் சிரித்தாள், மே மாசத்துக்கு அப்புறம் முதல் தடவை பல் தெரியச் சிரித்தாள். மணி மூன்று இருபத்தெட்டு. முப்பது நிமிஷம் இருக்கிறது. என் புத்தி அப்போதும் சும்மா இருந்ததா? இல்லை. இந்த முப்பது நிமிஷத்தில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒரு ஓட்டு ஓட்டலாம், காவிரியின் துணையாறுகளை உருப்போட வைக்கலாம், அண்ணி எப்போதும் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும், நாலுக்கு நாலு வாங்கிவிடலாம், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை முதல் நிதானமாக ஆரம்பிக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று காதோரம் ஓதியது. நல்ல யோசனை. நிஜமாகவே நல்ல யோசனை, பிழைக்கத் தெரிந்தவள் செய்கிற யோசனை. ஆனால் அப்படிப் பாஸானால் இவள் என்ன கற்றுக்கொள்வாள்? அம்மாவும் விடையைப் பின்பக்கம் பார்த்துத்தான் எழுதுகிறாள் என்று கற்றுக்கொள்வாள். மாட்டேன். திங்கட்கிழமை போனாலும் போகட்டும், மாட்டேன். "அத்தை முப்பத்தோரு வருஷமா டீச்சர். அவங்ககிட்ட கேளு" என்றேன். "அவங்க கேள்வி கேக்கத்தான வர்றாங்க?" "நீயும் கேளு." "திட்டினாங்கன்னா?" "நான் இங்கதான இருக்கேன்." புத்தகத்தை அவளே கூடத்துக்கு எடுத்து வந்து, முருங்கைக்கீரை முறத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

பைக் சத்தம் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கேட்டது. வாங்க அண்ணி என்றேன், தண்ணீர் கொடுத்தேன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன், எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார், விரித்து வைத்த புத்தகத்தைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன வசுமதி, மூணாவது புக்கு வெச்சிருக்கே?" இவர் முகம் செத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்க்கிற நேரம் இல்லை. "அங்கதான் நிக்கிறோம் அண்ணி" என்றேன். அன்றைக்குப் பந்தியில் சொன்ன அதே சத்தத்தில் சொல்ல நினைத்தேன், குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது, நடுங்கினாலும் சொல்லிவிட்டேன். அண்ணி முதல் கேள்வியைக் கேட்பதற்குள் பிரகதி கேட்டாள், பக்கத்து வீடு, பூஜ்யம், கடன், எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டி, எப்ப திருப்பிக் குடுக்கணும் அத்தை என்று. அண்ணி சிரித்தார். "அது சும்மா பேச்சுக்குச் சொல்றது கண்ணு. திருப்பித் தர வேண்டாம்." "அப்ப அது கடன் இல்லையே அத்தை." "சரி, எடுத்துக்கறதுன்னு வெச்சுக்கோ." "அவங்களக் கேக்காமயா?" இவர் "பிரகதி" என்று அதட்டினார். அண்ணி கையைக் காட்டி அவரை நிறுத்தினார், பென்சிலை வாங்கினார், நிமிர்ந்து உட்கார்ந்தார், வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "இங்க பாரு. அஞ்சை அடிச்சு நாலு போடு. பூஜ்யத்தை அடிச்சு ஒம்போது போடு. மூணு பதிமூணு ஆயிடுச்சு. இப்பக் கழி. அஞ்சு, ரெண்டு, ரெண்டு. இருநூத்தி இருபத்தஞ்சு. அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி அது, எத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஒரே பதிலைச் சொன்ன கேள்வி. இவர் பிரகதியைப் பார்க்கிறார், சொல்லிவிடு, சரின்னு சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சுகிறது. அண்ணி பார்க்கிறார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவள் பயந்த அதே பார்வைதான், நானும் அதில் ஒருத்தி. அவள் உதடு குவிந்தது. இரண்டு வார்த்தைக்கும் ஆரம்பம் ஒன்றுதான், பு, ரி, அதுவரைக்கும் எதுவும் தெரியாது, நாலாம் வகுப்பு வராந்தா, டிவிக்கு அடியில் இவர் நிரப்பி வைத்த சேர்க்கைப் படிவம், எல்லாம் கண்ணில் வந்து போனது. அவள் கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "புரியல அத்தை" என்றாள். "பூஜ்யம் எப்படி ஒம்போது ஆச்சு?" அண்ணி பென்சிலைக் கீழே வைக்கவில்லை. தான் அடித்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரகதி அவசரப்படவில்லை, நாற்காலிப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மோவாயை மேஜையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். இவர் என் பக்கம் திரும்பி, அடித் தொண்டையில், "பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க" என்றேன். "நல்லாப் பாத்தேன். திங்கட்கிழமை இவ எங்கயும் வரல."